சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே தேடாதீர்கள்

தி. நகரில் ஒரு துணிக்கடை. மூன்றாவது மாடியில் பட்டுப் பிரிவுக்கு மேலே, ஃபால்ஸ் சீலிங்கில் காபி சிந்தியது போல ஒரு வட்டம். எனக்கு முன்னால் வந்த இரண்டு பேர் அந்த வட்டத்துக்கு நேர் மேலே, மொட்டை மாடியில் பத்துக்குப் பத்தடி கோட்டிங் அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். அடுத்த மழையில் அதே இடத்தில் மறுபடி சொட்டியது. கோளாறு முப்பதடி தள்ளி, மழைநீர்க் குழாயின் வாயில் இருந்தது.

தண்ணீர் இறங்காமலிருக்க தார் ஷீட் ஒட்டிய தளத்தில் இது சகஜம். வாட்டம், அதாவது தண்ணீர் வடியும் சரிவு, ஷீட்டுக்கு அடியில் உள்ள சிமெண்ட் பூச்சில்தான் இருக்கும். அதற்கும் கீழே கான்கிரீட் மட்டமாகத்தான் கிடக்கும், நடுவில் கொஞ்சம் தொய்ந்தும் இருக்கலாம். ஷீட்டைத் தாண்டிய தண்ணீர் பூச்சில் ஊறி, கான்கிரீட்டின் மேல் பரவி, ஒரு விரிசலோ ஒயர் பைப்போ கிடைத்த இடத்தில் இறங்கும். விளக்குப் பெட்டியிலிருந்து சொட்டினால் முதலில் மெயினை அணையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

மாடி ஏறும் முன் நான் கேட்பது ஒன்றுதான்: எப்போது சொட்டுகிறது? மழை பிடித்த பத்து நிமிடத்தில் என்றால் எங்கோ திறந்த வழி இருக்கிறது. மழை நின்று மறுநாள் சொட்டினால், தேங்கிய தண்ணீர் மெதுவாக இறங்குகிறது. காற்றோடு சாரல் அடிக்கும்போது மட்டும் என்றால் கைப்பிடிச் சுவரைச் சந்தேகப்படுங்கள். சித்திரை வெயிலிலும் சொட்டினால் தண்ணீர்த் தொட்டி, ஏசி டிரெயின், அல்லது உறை கிழிந்து வியர்க்கும் ஏசி குழாய். வெறும் ஏசி வியர்வைக்காக ஒரு மாடி முழுக்க ஷீட்டை உரித்துப் போட்ட கட்டடத்தைப் பார்த்திருக்கிறேன். அந்த ஓனரின் முகம் இன்னும் மறக்கவில்லை.

சீலிங் பலகையைக் கழற்றி, கான்கிரீட்டில் ஈரத்தின் ஓரத்தைப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். பின்னால் உதவும்.

சரி, மேலே போவோம். ஷீட் நடுவில் சும்மா கிழிவது குறைவு. ஓரங்களிலும் துளைகளிலும்தான் தோற்கும். துணிக்கடையில் குழாய் வாயின் ஜாலி மூடியைத் தூக்கி, இலையையும் மண்ணையும் வாரினேன். ஷீட் குழாய்க்குள் மடங்கி இறங்கவே இல்லை. வாயின் விளிம்போடு வட்டமாக வெட்டி நிறுத்தியிருந்தார்கள். கொத்தனார் கரண்டியின் நுனியை விளிம்புக்கு அடியில் கொடுத்தேன், நாலு விரல் ஆழம் தடையில்லாமல் போனது. வெளியே இழுத்தால் நுனியில் கறுப்புச் சேறு. ஷீட் குழாய்க்குள் நான்கு அங்குலமாவது இறங்கி ஒட்டியிருக்க வேண்டும்.

அடுத்து கைப்பிடிச் சுவர். தள மட்டத்திலிருந்து குறைந்தது 150 மி.மீ. ஷீட் மேலேறி, அதன் முனை சுவரில் வெட்டிய காடிக்குள் சொருகி அடைத்திருக்க வேண்டும். பூச்சின் மேல் சும்மா ஒட்டிய முனையை வெயில் பெயர்த்துவிடும். சுவரும் தளமும் சேரும் மூலையில் சாய்வுப் பூச்சு இல்லாமல் செங்குத்தாக மடித்திருந்தால், அந்த மடிப்பிலேயே வெடிப்பு தேடலாம்.

ஷீட்டும் ஷீட்டும் சேரும் இடத்தில், ஒன்றின் மேல் ஒன்று பக்கவாட்டில் 100, முனையில் 150 மி.மீ. ஏறியிருக்க வேண்டும். ஒட்டும்போது கேஸ் டார்ச்சின் தீயைச் சரியாகப் பிடித்திருந்தால் உருகிய தார் ஓரமெங்கும் மெல்லிய கயிறு போலப் பிதுங்கி நிற்கும். அது இல்லாத இடத்தில் கரண்டியை நுழைத்துப் பாருங்கள்.

அப்புறம், ஷீட் ஒட்டிய பிறகு மாடிக்கு வந்தவர்கள் போட்ட துளைகள்: ஏசி ஸ்டாண்டு, விளம்பரப் பலகை, சோலார் கால்கள். ஒவ்வொரு போல்டையும் குனிந்து பாருங்கள்.

கொப்புளம் கண்டால் பதற வேண்டாம். ஈரத் தளத்தில் ஒட்டியதால் ஆவி உப்பியிருக்கிறது. உடையாமல் நடுவில் இருந்தால் நான் தொடமாட்டேன். இணைப்பு வரை நீண்டிருந்தால் மட்டும் வெட்டி ஒட்டுவேன். ஆனால் மாடி முழுக்க காய்ந்த ஏரி போல வெடித்து, பல இணைப்புகள் வாய் திறந்திருந்தால் ஒட்டு போடுவது காசுக்குக் கேடு.

கண்ணில் படவில்லையென்றால் தண்ணீர் கட்டிப் பாருங்கள். மழையில்லாத நாளில் குழாயை அடைத்து, செங்கல் கலவையால் வரப்பு கட்டி, தாழ்ந்த பாகத்தில் தொடங்குங்கள். இரண்டு அங்குலம் போதும். அதுவே சதுர மீட்டருக்கு 50 கிலோ பாரம். பழைய கட்டடமானால் இன்ஜினியரைக் கேட்காமல் கட்டக் கூடாது. கீழே உள்ள சரக்கை நகர்த்திவிட்டு 48 மணி நேரம் விடுங்கள். தளம் தேறிய பிறகே சுவரில் ஹோஸ் பிடியுங்கள். இரண்டையும் ஒன்றாக நனைத்தால் எது குற்றவாளி என்று தெரியாது. குழாயின் வாயைத் தனியாக, கடைசியில் சோதியுங்கள்.

துணிக்கடையில் வாயைச் சுற்றி இரண்டடி வெட்டி, நன்றாகக் காயவிட்டு, பிரைமர் அடித்து, புது ஷீட்டைக் குழாய்க்குள் இறக்கி ஒட்டினோம். மறுபடி 48 மணி நேரம் தண்ணீர் கட்டினோம். மூன்றாம் நாள் காலையில் ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். ஈரம் பென்சில் கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே சுருங்கியிருந்தது.