விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில்: நிரலை அழைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நல்லூரில் நான் நடத்தும் மாலை வகுப்புக்கு வருகிற மாணவர்களிடம் பெரும்பாலும் விண்டோஸ் மடிக்கணினிதான் இருக்கிறது. அவர்கள் கற்க வேண்டிய சேர்வர் வேலைகளோ லினக்ஸில் நடப்பவை. இரண்டு இயங்குதளங்களையும் தனித்தனியே நிறுவி, ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக ஒவ்வொரு முறையும் கணினியை அணைத்து ஏற்றிய காலம் முடிந்துவிட்டது. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை இயக்கும் டபிள்யூஎஸ்எல் என்ற ஏற்பாடு 2016இல் விண்டோஸ் 10 உடன் வந்தது. கட்டளைகளை அடிக்கும் சாளரமான லினக்ஸ் முனையத்திலிருந்தே விண்டோஸ் நிரலை அழைக்கும் வசதி 2017இல் சேர்ந்தது. விண்டோஸ் பக்கத்திலிருந்து லினக்ஸ் நிரலை அழைக்க முன்பு பாஷ் என்ற கட்டளை இருந்த இடத்தில், அதே ஆண்டின் பிற்பகுதியில் டபிள்யூஎஸ்எல் என்ற பெயரிலேயே ஒரு கட்டளை வந்தது.

எங்கள் ஊரில் அயல் வீடுகளுக்கு நடுவே வேலியில் ஒரு பொட்டு இருக்கும். ஆளும் போகலாம், கோழியும் போகலாம். டபிள்யூஎஸ்எல் கட்டளையும் அப்படிப்பட்ட பொட்டுத்தான். எதை அனுப்புகிறோம் என்று பார்க்காமல் அனுப்புவதால் வரும் வினைகளையே இங்கே எழுதுகிறேன். இவற்றில் பெரும்பாலானவற்றை நானே செய்து பட்டிருக்கிறேன். கட்டளைகளை வகுப்பில் வாயால் சொல்கிற விதத்திலேயே எழுதியிருக்கிறேன்.

விண்டோஸ் நிரலின் பெயருக்குப் பின்னால் எக்ஸ்இ என்ற ஒட்டைச் சேர்க்க மறப்பது, பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் மாற்றி அடிப்பது போன்றவற்றைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அவற்றை முனையமே உடனுக்குடன் சொல்லித் தந்துவிடும்.

கட்டளையை முதலில் படிப்பது யார் என்று பாராமல் அடிப்பது

விண்டோஸின் கட்டளைச் சாளரமான பவர்ஷெல்லில் நின்றுகொண்டு டபிள்யூஎஸ்எல் என்று தொடங்கி ஒரு லினக்ஸ் கட்டளையை அடிக்கும் மாணவர், அந்த வரி முழுவதும் லினக்ஸுக்குப் போவதாக எண்ணிக்கொள்கிறார். அது முதலில் பவர்ஷெல்லின் கையில்தான் அகப்படுகிறது. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையோடு, லினக்ஸ் வீட்டு அடைவைக் குறிக்க டொலர் குறியோடு ஹோம் என்று எழுதினால், பவர்ஷெல்லுக்கும் அந்தப் பெயரில் ஒரு மாறி இருப்பதால், அது தன்னுடைய சி வட்டுப் பாதையை அந்த இடத்தில் வைத்து அனுப்புகிறது; அந்தப் பாதையில் உள்ள பின்சாய்கோடுகளை அடுத்ததாக, கட்டளைகளைப் படித்து நிறைவேற்றும் லினக்ஸ் ஷெல் விழுங்கிவிடுகிறது; கடைசியில் எந்த உலகத்திலும் இல்லாத ஒரு கோப்புறையைத் தேடி எல்எஸ் கட்டளை தோற்றுப்போகிறது. நடுவில், ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்பும் குழாய்க் குறி இருந்தால் அதற்கு வலப்புறத்தில் உள்ளது பவர்ஷெல்லிலேயே ஓட முயலும். அங்கே, சொல் தேடும் லினக்ஸ் நிரலான கிரெப் இல்லை என்ற பிழையைப் பார்த்துவிட்டு, லினக்ஸில் கிரெப்பை மீண்டும் நிறுவ முயன்ற ஒருவரையும் எனக்குத் தெரியும்.

லினக்ஸுக்கு அப்படியே போக வேண்டிய பகுதியை ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள். லினக்ஸ் ஷெல்லும் தலையிடாமல் நிரல் நேரடியாக ஓட வேண்டுமானால் எக்ஸெக் என்ற தெரிவைப் பயன்படுத்துங்கள். அப்போது மாறிகளும் நட்சத்திரக் குறியும் விரிக்கப்படமாட்டா என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து

இதைப் பற்றி எழுதும்போது எனக்கு இப்போதும் எரிச்சல் வருகிறது. மாணவர்கள் இதே தவறை என் கண்முன்னே செய்யும்போது அந்த எரிச்சல் இரட்டிப்பாகிறது.

விண்டோஸ் ஒரு வரியை இரண்டு குறிகளால் முடிக்கிறது: காரேஜ் ரிட்டர்ன் என்ற 13ஆம் எண் குறி, அதன்பின் லைன் பீட் என்ற 10ஆம் எண் குறி. லினக்ஸுக்கு இரண்டாவது மட்டும் போதும். இந்தப் பெயர்கள் தட்டச்சுப் பொறியிலிருந்து வந்தவை. வரியின் முடிவில் தாள் உருளையைத் தாங்கிய பகுதியைத் தள்ளி வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுவருவது ஒரு வேலை. தாளை ஒரு வரி மேலே ஏற்றுவது இன்னொரு வேலை. தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கிய ஆர். முத்தையா 1886இல் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்தவர். ஆகையால் இந்த ஊரில் இருந்துகொண்டு காரேஜ் ரிட்டர்ன் என்னவென்று தெரியாமல் நான் இருந்ததற்குச் சாட்டு எதுவும் கிடையாது.

கலியாண வீடு, சாமத்திய வீடு ஆகியவற்றுக்குப் படம் பிடிக்கும் ஒரு ஸ்ரூடியோவுக்கு நான் காப்புப்பிரதி எடுக்கும் ஸ்கிரிப்ட் ஒன்றை, அதாவது கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு ஒன்றை, எழுதிக் கொடுத்திருந்தேன். குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடக்கும் விண்டோஸின் டாஸ்க் ஷெடியூலர் ஒவ்வோர் இரவும் டபிள்யூஎஸ்எல் கட்டளையால் அதை இயக்கும். ஸ்கிரிப்ட் லினக்ஸ் வீட்டு அடைவிலிருந்து புறப்பட்டு, சி வட்டில் உள்ள படக் கோப்புறைக்குள் சென்று, அங்குள்ளவற்றை டார் என்ற ஒரே கோப்பாகக் கட்டி, இரண்டாவது வன்தட்டில் போட்டுவிட்டு, ஏழு நாள்களுக்கு முந்தைய கோப்புகளை நீக்கிவிடும். பயனர் பெயரை நான் ஸ்கிரிப்டிலேயே கையால் எழுதியிருந்தேன். அது பல மாதங்கள் ஒழுங்காக ஓடியது.

பிறகு ஸ்ரூடியோவுக்கு இன்னொரு கணினி வந்தது. ஒரே ஸ்கிரிப்ட் இரண்டிலும் ஓட வேண்டும் என்பதற்காக, கையால் எழுதிய பெயரை எடுத்துவிட்டு, விண்டோஸின் கட்டளை நிரலான சிஎம்டி.எக்ஸ்இயை லினக்ஸிலிருந்து அழைத்து, விண்டோஸ் பயனர் பெயரைக் கேட்டு ஒரு மாறியில் வாங்கிக்கொள்ளும்படி மாற்றினேன். லினக்ஸ் அடைவில் நின்று சிஎம்டியை அழைத்ததால், இந்த மாதிரிப் பாதையை ஏற்க முடியாது என்ற எச்சரிக்கை ஒவ்வொரு முறையும் வந்தது. அது கண்ணை உறுத்தியதால், ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே பிழைச் செய்திகள் அனைத்தையும், வருவதையெல்லாம் விழுங்கிவிடும் "நல்" என்ற வெற்றுச் சாதனத்துக்குத் திருப்பிவிட்டேன். அழகாக ஓடுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உள்ளே நடந்தது வேறு. ஒரு கட்டளையின் வெளியீட்டை மாறியில் வாங்கும்போது, லினக்ஸ் ஷெல் அதன் கடைசியில் உள்ள லைன் பீட்டை மட்டுமே வெட்டுகிறது. காரேஜ் ரிட்டர்ன் பயனர் பெயரின் வாலில் ஒட்டிக்கொண்டு அப்படியே இருந்துவிடுகிறது. அந்த வாலோடு கூடிய பெயரில் கோப்புறை இல்லாததால், அடைவு மாறும் சிடி கட்டளை தோற்றது. பிழைச் செய்தியை நான்தான் வாயடைத்து வைத்திருந்தேன். சிடி தோற்றாலும் ஸ்கிரிப்ட் நிற்பதில்லை. அது அடுத்த வரிக்குப் போனது. டார் கட்டளை தான் நின்ற இடத்தை, அதாவது லினக்ஸ் வீட்டு அடைவை, கட்டிக் கொடுத்தது. இரண்டாவது வன்தட்டில் ஒவ்வோர் இரவும் சரியான பெயரோடும் சரியான தேதியோடும் ஒரு கோப்பு போய் விழுந்தது. அதன் அளவை யாரும் பார்க்கவில்லை; பார்க்க வேண்டியவன் நான்தான். ஏழு இரவுகளில், நல்ல பிரதிகள் எல்லாவற்றையும் என்னுடைய ஸ்கிரிப்டே ஒழுங்குமுறையாக அழித்து முடித்தது.

இரண்டு மாதங்கள் கழித்து முதற்கணினியின் வட்டு செத்தது. காப்புப்பிரதி இருக்கிறது என்று தைரியமாகப் போய் அமர்ந்து, கடைசி டார் கோப்பை விரித்தேன். லினக்ஸை நிறுவும்போது தானாக வருகிற மறைவுக் கோப்புகள் சில மட்டும் கிடந்தன. என் தோளுக்குப் பின்னால் நின்ற உரிமையாளர், "தம்பி, இதுக்குள்ள படம் ஒண்டும் இல்லையே" என்றார். அல்பம் அச்சிட்டுக் கொடுத்தவர்களின் படங்களில் ஒரு பகுதி பென் டிரைவ்களிலிருந்தும், இன்னும் அழிக்கப்படாத சில மெமரி காட்களிலிருந்தும் திரும்பக் கிடைத்தன. மிச்சம் போனது போனதுதான். ஒரு சாமத்திய வீட்டை மீண்டும் ஒருமுறை நடத்தச் சொல்ல முடியாது.

இந்தக் குறி வெளியே தெரியாமல் இருப்பதற்கும் காரணம் உண்டு. மாறியைத் தனியே அச்சிட்டால் பெயர் சுத்தமாகவே தெரியும். பாதையின் நடுவில் வைத்து அச்சிட்டால், காரேஜ் ரிட்டர்ன் திரையின் குறிமுள்ளை வரித் தொடக்கத்துக்கு இழுத்துப்போக, பாதையின் பின்பகுதி முன்பகுதிக்கு மேலேயே எழுதப்படும். திரையில் பாதையின் தலை வெட்டுண்டு குழம்பித் தெரிந்தால், முனையம் பழுதாகிவிட்டது என்று மாணவர்கள் அதை மூடித் திறக்கிறார்கள். முனையத்தில் பழுது ஒன்றும் இல்லை. மாறியை "ஓ, டி" என்ற ஈரெழுத்துக் கட்டளைக்கு சி தெரிவோடு குழாயில் அனுப்புங்கள். ஒளிந்திருக்கும் குறி பின்சாய்கோடும் ஆர் எழுத்துமாக வெளியே வந்துவிடும்.

விண்டோஸ் நிரலிடமிருந்து லினக்ஸ் மாறிக்குள் எதை வாங்கினாலும், டிஆர் கட்டளையின் டி தெரிவால் அந்தக் குறியை நீக்கிய பின்னரே வாங்க வேண்டும். பயனர் பெயரை ஒட்டவைத்துப் பாதை செய்வதே சரியான வழி அன்று; பயனர் பெயரும் பயனர் கோப்புறையின் பெயரும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. விண்டோஸிடம் யூசர்புரொபைல் மாறியைக் கேட்டு, குறியை நீக்கி, டபிள்யூஎஸ்எல்பாத் கட்டளையின் யூ தெரிவால் லினக்ஸ் பாதையாக மாற்றிக்கொள்ளுங்கள். சிடி தோற்றால் ஸ்கிரிப்ட் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். எச்சரிக்கை ஒன்று எரிச்சலூட்டினால் அந்த ஒரு கட்டளையின் பிழைச் செய்தியை மட்டும் திருப்புங்கள். ஸ்கிரிப்ட் முழுவதன் வாயையும் கட்டாதீர்கள்.

ஸ்கிரிப்ட் கோப்பே விண்டோஸ் முறை வரி முடிவுகளோடு சேமிக்கப்பட்டிருந்தால், ஓடத் தொடங்கும்போதே பிழை வந்து தடுத்துவிடும். அது நல்ல பிழை. சத்தம் போடுகிறது.

சிஎம்டி எங்கே நிற்கிறது?

நான் வாயடைத்த அந்த எச்சரிக்கை வீணாக வருவதன்று. லினக்ஸ் அடைவிலிருந்து அழைக்கப்பட்ட சிஎம்டி அங்கே நிற்க முடியாமல் விண்டோஸ் அடைவுக்குப் போய்விடுகிறது என்பதைத்தான் அது சொல்கிறது. அதன்பின் முழுப் பாதை இல்லாமல் நீங்கள் கொடுக்கும் அழிப்புக் கட்டளைகள் சி வட்டின் விண்டோஸ் கோப்புறையில்தான் வேலை செய்ய முயலும்.

யாருடைய நிரல் ஓடுகிறது என்று பாராமல் இருப்பது

நிரல்களைத் தேடும் கோப்புறைகளின் பட்டியலே தேடற்பாதை. விண்டோஸின் தேடற்பாதைகள் லினக்ஸ் தேடற்பாதையின் வாலில் தானாகச் சேர்க்கப்படுகின்றன. லினக்ஸில், ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை இயக்கும் நோட் என்ற மென்பொருள் நிறுவப்படாமல் விண்டோஸில் மட்டும் நிறுவப்பட்டிருக்கும்போது, லினக்ஸ் முனையத்தில் அதன் பொதி நிறுவியான என்பிஎம் என்று அடித்தால் அது ஓடத் தொடங்குகிறது. ஏனெனில் விண்டோஸுக்கான பொதியிலும் ஒட்டுப்பெயர் இல்லாத ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் அந்தப் பெயரில் வருகிறது. பைதன் இப்படி ஏமாற்றாது, அதன் வாலில் எக்ஸ்இ இருப்பதால் லினக்ஸ் அதைக் கண்டுகொள்வதில்லை. என்பிஎம் பாதி தூரம் ஓடிவிட்டு, பாதைகள் பொருந்தாத பிழைகளை அள்ளிக் கொட்டும்போது, மாணவர் தன் நிரலில் பிழை தேடுகிறார். நிரல் எங்கே இருக்கிறது என்று சொல்லும் விச் கட்டளையால் முதலில் விசாரியுங்கள். விண்டோஸ் வட்டுகள் லினக்ஸில் தெரியும் இடமான எம்என்டி என்று தொடங்கும் பதில் வந்தால் அது அயல் வீட்டுக் கோழி. இந்தக் கலப்பே வேண்டாம் என்றால், ஈடிசி அடைவில் உள்ள டபிள்யூஎஸ்எல்.கொன்ப் கோப்பின் இன்டரொப் பகுதியில் அப்பென்ட்விண்டோஸ்பாத் என்பதை இல்லை என்று மாற்றிவிட்டு, டபிள்யூஎஸ்எல்லை முழுவதும் நிறுத்தி மீண்டும் தொடங்குங்கள். அதன்பிறகு நோட்பாட்டை அழைப்பதற்கும் முழுப் பாதை கொடுக்க வேண்டிவரும். நான் அந்தச் சிரமத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறேன்.

வேலைக் கோப்புகளை சி வட்டில் வைத்து லினக்ஸ் நிரலால் கட்டுவது

டபிள்யூஎஸ்எல்லின் இரண்டாம் பதிப்பில் இது மெதுவாகவே நடக்கும். லினக்ஸ் வீட்டு அடைவில் வையுங்கள்.

சூழல் மாறிகள் தாமாக வேலி தாண்டும் என்று நம்புவது

தாண்டமாட்டா. டபிள்யூஎஸ்எல்என்வி என்ற பட்டியலில் பெயரைச் சேர்க்க வேண்டும். மாறிக்குள் இருப்பது பாதையானால் சாய்கோடும் பி எழுத்தும் பெயருக்குப் பின்னால் வர வேண்டும்.

பட்டியலில் கிரெப் எதையும் காணாதபோது

நிறுவிய லினக்ஸ்களைக் காட்டும் டபிள்யூஎஸ்எல்.எக்ஸ்இ பட்டியலைக் கிரெப்புக்கு அனுப்பி உபுண்டுவைத் தேடினால், கண்முன்னே இருக்கும் உபுண்டுவை அது இல்லை என்கிறது. அந்த வெளியீடு, எழுத்துகளை எண்களாக்கிச் சேமிக்கும் முறைகளில் ஒன்றான யூடிஎஃப்-16இல் வருகிறது. ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் பக்கத்தில் ஒரு வெறும் பைட் உட்கார்ந்திருக்கிறது. தமிழிலும் கணக்கு வேறுபடும்: யாழ்ப்பாணம் என்ற சொல்லில் 11 குறியெண்கள் உள்ளன, யூடிஎஃப்-16இல் அது 22 பைட், லினக்ஸ் எதிர்பார்க்கும் யூடிஎஃப்-8இல் 33 பைட். டபிள்யூஎஸ்எல்_யூடிஎஃப்8 என்ற மாறிக்கு 1 என்ற மதிப்பைக் கொடுத்தால் பட்டியல் யூடிஎஃப்-8இல் வரும். லினக்ஸ் பக்கத்திலிருந்து அழைக்கிறீர்களானால், மேலே சொன்ன டபிள்யூஎஸ்எல்என்வி பட்டியலில் அந்த மாறியின் பெயரையும் சேர்க்க வேண்டும்.

அன்ரெஜிஸ்டர்

அது லினக்ஸை நிறுத்தும் கட்டளை அன்று, உள்ளே உள்ள கோப்புகளோடு சேர்த்து அழிக்கும் கட்டளை. நிறுத்துவதற்கு டெர்மினேட் இருக்கிறது.