ஸ்கேன் ரிப்போர்ட்டில் நச்சுக்கொடி வரியை முதலில் படியுங்கள்

ஸ்கேன் எடுத்துவிட்டு வரும் பெண்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "நர்சம்மா, பாப்பா நல்லா இருக்கா, எடை எவ்வளவு?" மாமியார் கூட வந்திருந்தால் இன்னொரு கேள்வியும் சாடையாக வரும். அதற்குப் பதில் சொன்னால் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்று சொல்லி வாயை அடைத்துவிடுவேன். நச்சுக்கொடி (பிளசென்டா) எங்கே ஒட்டியிருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நீலகிரியில் கோத்தகிரிப் பக்கத்து எஸ்டேட் லைன் வீடுகளிலும் படகர் ஊர்களான ஹட்டிகளிலும் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மலையில் குடியிருப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான் என்பேன். பிரசவம் எந்த ஊரில், எத்தனை நாள் முன்னால் போய்த் தங்குவது, எந்த ரோட்டை நம்புவது எல்லாமே அந்த ஒரு வரியில் இருக்கிறது.

உள்ளே நடப்பது

கரு உண்டாகி ஏறக்குறைய ஒரு வாரத்தில் கர்ப்பப்பைச் சுவரில் ஒட்டுகிறது. ஒட்டிய இடத்திலேயே நச்சுக்கொடி உருவாகத் தொடங்கிவிடும். சிறுநீர் சோதனை அட்டையில் இரண்டாவது கோடு விழுவது அதிலிருந்து வரும் ஹார்மோனால்தான். பத்து வாரம் ஆகும்போது கர்ப்பத்தைத் தாங்கிப் பிடிக்கும் புரோஜெஸ்டிரானையும் அதுவே சுரக்கிறது. நிறைமாதத்தில் 20 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான அகலம், அரை கிலோ எடை.

தாயின் ரத்தம் நேராகக் குழந்தைக்குள் பாய்கிறது என்று படித்தவர்கள்கூட நினைக்கிறார்கள். அப்படி இல்லை. குழந்தையின் ரத்தக்குழாய்கள் நச்சுக்கொடிக்குள் நுணுக்கமாகக் கிளைத்து, தாயின் ரத்தம் நிறைந்த இடத்தில் அமிழ்ந்து கிடக்கின்றன, ஓடைக்கரைச் செடியின் வேர் தண்ணீருக்குள் கிடப்பது போல. இரண்டு ரத்தத்துக்கும் நடுவில் மெல்லிய சவ்வு. ஆக்சிஜன், சர்க்கரை, இரும்பு, நோய் எதிர்ப்புப் பொருள் எல்லாம் அதைக் கடந்து குழந்தைக்குப் போகின்றன. கரியமில வாயுவும் யூரியாவும் திரும்பி வருகின்றன. நிறைமாதத்தில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் தாயின் ரத்தம் கர்ப்பப்பைக்குப் போகிறது. அங்கே ரத்தம் கசிந்தால் நாங்கள் ஏன் பதறுகிறோம் என்பதற்கு அந்த அளவே போதும்.

தொப்புள்கொடி 50 முதல் 60 சென்டிமீட்டர் நீளம். உள்ளே இரண்டு தமனி, ஒரு சிரை. சிரை வழியாக நல்ல ரத்தம் குழந்தைக்கு வரும், தமனிகள் கழிவை எடுத்துப் போகும். சுற்றிலும் வழவழப்பான ஜெல்லி இருப்பதால் கொடி முறுக்கினாலும் லேசில் நசுங்காது.

கீழ்நாட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண்கள், ஊட்டி 2240 மீட்டர் உயரமாச்சே, பிள்ளைக்கு மூச்சு போதுமா என்பார்கள். வயிற்றுப் பிள்ளையின் ஹீமோகுளோபின் நம்முடையதை விட ஆக்சிஜனை இறுக்கிப் பிடிக்கும் வகை. இந்த உயரம் அதற்குப் பெரிய சோதனை இல்லை.

ரிப்போர்ட்டைப் படிப்பது

18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் ஸ்கேனில் பிளசென்டா என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். ஆன்டீரியர் என்றால் முன்சுவர், போஸ்டீரியர் என்றால் பின்சுவர், ஃபண்டல் என்றால் மேல்பக்கம். மூன்றும் நல்ல இடம்தான். ஆன்டீரியராக இருந்தால் நடுவில் நச்சுக்கொடி மெத்தென்று இருப்பதால் அசைவு கொஞ்சம் தாமதமாகத் தெரியும், பயம் வேண்டாம். வலப்பக்கம் ஆண், இடப்பக்கம் பெண் என்று செல்போனில் சுற்றும் கதையை நம்பி மருமகளை முறைக்காதீர்கள்.

லோ லையிங் என்று இருந்தால், கர்ப்பப்பை வாயிலிருந்து 2 சென்டிமீட்டருக்குள் நச்சுக்கொடியின் விளிம்பு இருக்கிறது என்று பொருள். வாயையே மூடியிருந்தால் பிரீவியா. 20 வாரத்தில் தாழ்ந்திருக்கும் கொடி பெரும்பாலும் மேலே போய்விடும். கர்ப்பப்பையின் கீழ்ப்பாகம் பிற்பாடு நீளும்போது கொடியும் வாயை விட்டு விலகுகிறது. அதனால் அழ வேண்டாம், ஆனால் 32 வாரத்தில் மறு ஸ்கேனைத் தள்ளிப்போடவும் வேண்டாம். அதுவரை தாம்பத்திய உறவு, பாரம் தூக்குவது பற்றி டாக்டரிடமே கேளுங்கள். கொழுந்துக் கூடையோடு சரிவில் ஏறலாமா என்று உங்கள் வேலையைச் சொல்லியே கேட்க வேண்டும். "ரெஸ்ட் எடு" என்றால் லைன் வீட்டில் அதற்கு ஆளுக்கொரு அர்த்தம்.

மறு ஸ்கேனிலும் வாயை மூடியிருந்தால் அறுவை சிகிச்சைதான். முன்னால் சிசேரியன் ஆனவராக இருந்து, கொடியும் தாழ்வாக முன்சுவரில் இருந்தால், பழைய தையலுக்குள் கொடி வேரோடியிருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். அப்படி இருந்தால் ரத்த வங்கியும் மூத்த மகப்பேறு மருத்துவர்களும் உள்ள பெரிய ஆஸ்பத்திரிதான். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரியா, கோவையா என்பதை டாக்டர் சொல்வார். வலி வந்த பிறகு போகிற இடமல்ல அது. நாள் குறித்து முன்கூட்டியே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் தேதி விழுகிறவர்கள் மேட்டுப்பாளையம் ரோடு திறந்திருக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். உறவுக்காரர் வீடு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருந்தால் அங்கே தங்குங்கள். மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பிரசவத்துக்கு முன் தங்கும் அறை உண்டு, உங்கள் செவிலியரிடம் விசாரியுங்கள்.

அடுத்து, கார்டு (தொப்புள்கொடி) என்று இருக்கும் வரி. த்ரீ வெசல், அதாவது மூன்று ரத்தக்குழாய் என்றிருந்தால் சரி. இரண்டு குழாய்தான் என்றிருந்தால் அது நூற்றில் ஒரு குழந்தைக்கு வரக்கூடியது. மற்ற உறுப்புகளைக் கூர்ந்து பார்த்து, வளர்ச்சியைத் தொடர்ந்து கவனிப்பார்கள்.

குழந்தையின் கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருக்கிறது என்று படித்ததும் வீடே துக்கம் காக்கும். கையைத் தூக்கித் துணி காயப்போட்டதால், கயிற்றைத் தாண்டியதால் என்று பழி முழுக்கப் பெண் தலையில். குழந்தை உள்ளே புரண்டு விளையாடுவதால் சுற்றுகிறது, அவ்வளவுதான். பிறக்கும் குழந்தைகளில் நாலைந்தில் ஒன்றுக்கு அப்படி இருக்கும். வயிற்றுக்குள் அது மூக்கால் மூச்சு விடவில்லை, ஆக்சிஜன் கொடி வழியாக வருகிறது. ஆகவே கழுத்து இறுகும் என்று பயப்பட வேண்டியதில்லை, கொடி நசுங்குகிறதா என்பதைத்தான் இதயத்துடிப்பை வைத்துப் பார்ப்போம். பெரும்பாலும் தலை வந்ததும் விரலால் நழுவ விட்டுவிடலாம்.

நச்சுக்கொடிக்கு நீங்கள் செய்யக்கூடியது

இரும்பு மாத்திரையை டீயோடு போடாதீர்கள். நம்ம ஊரில் இதைச் சொல்வது கஷ்டமான வேலை. டீயில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பை உடம்பில் சேரவிடாது. டீக்கும் மாத்திரைக்கும் நடுவே இரண்டு மணி நேரம் விடுங்கள், மாத்திரையோடு எலுமிச்சை ஜூஸ் குடியுங்கள். தாய்க்குக் குறைவாக இருந்தாலும் கொடி குழந்தைக்கு இரும்பை இழுத்துக் கொடுக்கும். பிரசவத்தில் ரத்தம் போகும்போது தாயிடம் கையிருப்பு இருக்காது. ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருந்தால் விடாமல் கேளுங்கள்.

குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்து ஜன்னலைச் சாத்துகிறீர்களே, அதை இன்றைக்கே நிறுத்துங்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயு கொடியைத் தாண்டிப் போய் குழந்தையின் ரத்தத்தில் இன்னும் அதிகமாக ஒட்டிக்கொள்ளும், வெளியேறவும் அதிக நேரம் பிடிக்கும். தாய்க்குத் தலைவலியோடு போய்விடலாம், பிள்ளைக்கு அப்படி இல்லை. பீடி, சிகரெட் புகையும் இதே கணக்குத்தான், புருஷன் வெளியே போய் இழுக்கட்டும். தோட்டத்தில் மருந்து அடிக்கும் நாளில் அந்தப் பகுதிக்கே போகாதீர்கள். மேஸ்திரியிடம் கர்ப்பம் என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துப் பழங்குடிக் குடும்பங்களில் அரிவாள் செல் ரத்தசோகை உண்டு. வளைந்த ரத்த அணுக்கள் கொடியின் சின்னக் குழாய்களை அடைத்தால் குழந்தையின் வளர்ச்சி குன்றலாம். கணவனும் மனைவியும் சோதித்துக்கொள்வது நல்லது.

28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்துத் தூங்க வேண்டாம். கர்ப்பப்பையின் பாரம் பெரிய ரத்தக்குழாயை அழுத்தி, கொடிக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். பக்கவாட்டில், முடிந்தால் இடப்பக்கம்.

அசைவு எண்ணுவது எளிது. சாப்பிட்ட பிறகு இடப்பக்கம் படுத்து எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு வர வேண்டும். வரவில்லை என்றாலும், வழக்கத்தை விடக் குறைந்தாலும் அன்றைக்கே கிளம்புங்கள். "விடியட்டும்" என்று சொல்லும் பெரியவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள்.

உடனே 108ஐக் கூப்பிட வேண்டிய நிலைகள்

வலியில்லாமல் சிவப்பாக ரத்தம் வந்தால் நச்சுக்கொடி தாழ்ந்திருக்கலாம். ஸ்கேன் பார்க்காமல் யாரையும் உள்ளே கைவைத்துச் சோதிக்க விடாதீர்கள். ரிப்போர்ட்டைக் கையிலேயே வைத்திருங்கள்.

வயிறு பலகையாக இறுகி, விடாத வலி இருந்தால் நச்சுக்கொடி பிரசவத்துக்கு முன்பே பிரிகிறது என்று சந்தேகிக்க வேண்டும். ரத்தம் உள்ளேயே தேங்கி, வெளியே கொஞ்சமாகத்தான் வரலாம். கொஞ்சமாக வந்தது என்று ஏமாறாதீர்கள்.

தலைவலி, கண் மங்கல், முகத்தில் வீக்கம், ரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல்: இதுவும் நச்சுக்கொடியிலிருந்து கிளம்பும் நோய்தான்.

பனிக்குடம் உடைந்து தொப்புள்கொடி வெளியே தெரிந்தால், உள்ளே தள்ளவோ தொட்டுப் பார்க்கவோ கூடாது. முழங்கால் ஊன்றி, மார்பைத் தரையில் சாய்த்து, இடுப்பை உயர்த்தி இருக்கச் சொல்லுங்கள். வண்டியில் பக்கவாட்டில் படுக்க வைத்து இடுப்புக்குக் கீழே தலையணைகளை அடுக்குங்கள். வளைவுகளில் அவளை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பிறந்த பிறகு

குழந்தை நன்றாக அழுதால், தொப்புள்கொடியை உடனே கத்தரிக்காமல் ஒன்று முதல் மூன்று நிமிடம் பொறுக்கும்படி முன்பே டாக்டரிடம் பேசி வையுங்கள். அந்த நேரத்தில் கொடியில் மிச்சமுள்ள ரத்தம் குழந்தைக்குப் போகும், அதன் இரும்பு பல மாதம் காக்கும். மூச்சுத் திணறும் குழந்தையாக இருந்தால் சீக்கிரமே வெட்டுவார்கள், அதில் வாதாடாதீர்கள்.

நச்சுக்கொடி அரை மணி நேரத்துக்குள் தானாகப் பிரிந்து வர வேண்டும். வந்ததைத் தட்டில் விரித்து, துண்டு எதுவும் உள்ளே தங்கியதா என்று பார்ப்போம். தங்கினால் பிறகு ரத்தம் கொட்டும். ரத்த வகை நெகட்டிவ் உள்ள தாய்க்கு, குழந்தை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி. 28 வாரத்தில் போட்டிருந்தாலும் இதையும் கேட்டு வாங்குங்கள்.

தொப்புளில் மஞ்சள், சாம்பல், எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். காய்ந்து ஒன்றிரண்டு வாரத்தில் தானே விழும். கர்ப்பத்தில் போட்ட டிடி (ரணஜன்னித் தடுப்பு) ஊசியின் எதிர்ப்புச் சக்தி கொடி வழியாகக் குழந்தைக்கு வந்திருக்கும், அதற்காக அழுக்குத் துணியைப் போர்த்தாதீர்கள். மூடுபனிக் காலத்தில் துணி காயாது, அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுப் புகை பிடிக்க வைக்காமல் இஸ்திரி போட்டு உலர்த்துங்கள். இடுப்புத் துணியைத் தொப்புளுக்குக் கீழே மடித்துக் கட்டுங்கள். சுற்றிலும் சிவந்தாலோ, சீழ் நாற்றம் வந்தாலோ, பிள்ளை பால் குடிக்க மறுத்தாலோ அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.