புக் இல்லாத பழைய பைக்: வாங்கும் முன் செய்ய வேண்டியவை

கோவைப் பக்கம் பழைய ஜாவா, யெஸ்டி, புல்லட் தேடுகிறவர்களுக்கு வண்டி பார்த்துக் கொடுப்பது எனக்குப் பழக்கம். அடிக்கடி வரும் போன் இதுதான்: "அண்ணா, வண்டி நல்லா இருக்கு, விலையும் படியுது. ஆர்.சி. புக் மட்டும் இல்லையாம். முடிச்சிடலாமா?"

அதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும். தொலைந்தது புத்தகமா, உரிமையாளரா? புத்தகம் மட்டும் தொலைந்திருந்தால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் நகல் வாங்கிவிடலாம். பதிவில் பெயர் உள்ள ஆள் யார், எங்கே என்றே தெரியவில்லை என்றால், எவ்வளவு அழகான வண்டியானாலும் அது உங்கள் பெயருக்கு வராது. மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

அதனால் பஸ் ஏறும் முன் போனிலேயே கேளுங்கள். வண்டி நம்பர் என்ன? யார் பெயரில் இருக்கிறது? அவர் உயிரோடு இருக்கிறாரா? விற்கிறவர் அதை யாரிடம் வாங்கினார்? "நம்பர் எல்லாம் நேர்ல வாங்க, பாத்துக்கலாம்" என்கிறவரிடம் நான் போவதே இல்லை.

நம்பர் கிடைத்ததும் மத்திய அரசின் வாகனப் பதிவு விவரம் காட்டும் பரிவாஹன் தளத்திலோ எம்பரிவாஹன் செயலியிலோ போட்டுப் பாருங்கள். 'டி.என். 37' மாதிரி மாவட்ட எண் வருவதற்கு முந்தைய, மூன்று எழுத்து நம்பர் வண்டிகள் பல அதில் வராது. வராவிட்டால் பதிவே இல்லை என்று பொருள் அல்ல. அந்தக் காலப் பதிவெல்லாம் கையால் எழுதிய பேரேட்டில் இருக்கும். ஆர்.டி.ஓ. ஆபீஸில் அதை 'பி ரிஜிஸ்டர்' என்பார்கள். அந்தப் பக்கம் கிடைத்தால் முதல் உரிமையாளர் முதல் கடைசிப் பெயர் வரை, இன்ஜின் நம்பர், சேஸ் (வண்டியின் சட்டகம்) நம்பர், வரி, கடன் எல்லாம் அதில் இருக்கும். அதை வைத்துத்தான் பழைய பதிவைக் கணினியில் ஏற்றுவார்கள், 'பேக்லாக்' என்பது இதைத்தான். அது ஏறாமல் வேறு எந்த வேலையும் நகராது.

எந்த ஆபீஸில் தேடுவது என்பதே சில சமயம் பெரிய வேலை. தாராபுரத்தில் ஒரு வீட்டு மாட்டுக் கொட்டகையில் யெஸ்டி ஒன்று பார்த்தோம். தாராபுரம் 1979 வரை கோவை மாவட்டம், பிறகு பெரியார் மாவட்டம், 2009 முதல் திருப்பூர் மாவட்டம். அந்த வண்டியின் பேரேடு இப்போது எந்த ஊர் அலமாரியில் இருக்கிறது என்பதை, அங்கே பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரிடம் கேட்டுத்தான் கண்டுபிடித்தோம். டூல் பாக்ஸில் எண்ணெய்க் கறையோடு மடித்து வைத்திருந்த பழைய இன்சூரன்ஸ் தாள் ஒன்றும் கிடைத்தது. உரிமையாளர் பெயர், முகவரி, சேஸ் நம்பர் மூன்றும் அதில் இருந்தன. பழைய வண்டி பார்க்கப் போனால் சீட்டுக்கு அடியிலும் டூல் பாக்ஸிலும் கை விட்டுப் பாருங்கள். வரி ரசீது, சர்வீஸ் பில், எது கிடைத்தாலும் துப்புதான்.

இனி வண்டியைப் பார்க்கலாம். நேரில் போகும்போது கொஞ்சம் தின்னர், பழைய துணி, டார்ச், வெள்ளைத் தாள், முனை மழுங்கிய பென்சில் எடுத்துப் போங்கள். சேஸ் நம்பர் பெரும்பாலும் ஹேண்டில் பாருக்குக் கீழே, கழுத்துக் குழாயில் பஞ்ச் பண்ணியிருக்கும். பல முறை பெயின்ட் அடித்த வண்டியில் அது கண்ணுக்கே தெரியாது. துணியில் தின்னர் நனைத்து மெதுவாகத் தேயுங்கள். சுரண்டவோ உப்புத்தாள் போடவோ வேண்டாம். எழுத்து தெரிந்ததும் தாளை மேலே வைத்து பென்சிலைச் சாய்த்து உரசி அச்சு எடுங்கள். போட்டோவில் தப்பிப்பது அச்சில் சிக்கும். எண்கள் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா, ஒன்று மட்டும் ஆழமாக இறங்கியிருக்கிறதா, எழுத்துக்கு அடியில் கிரைண்டர் போட்ட கோடு தெரிகிறதா என்று பாருங்கள். விரலால் தடவினால் அந்த இடம் மட்டும் பள்ளமாகவோ சமதளமாகவோ தட்டுப்பட்டால் எனக்கு வேறு சான்று வேண்டாம், திரும்பிவிடுவேன். கழுத்துப் பகுதியில் புது வெல்டிங் இருந்தாலும் அப்படித்தான்.

இன்ஜின் நம்பர் கிராங்க் கேஸில் இருக்கும். அது பதிவோடு பொருந்தாமல் போக நியாயமான காரணம் இருக்கலாம். பழைய வண்டியில் கேஸ் உடைந்து வேறு போட்டிருப்பார்கள். ஆனால் அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். ஏறாத இன்ஜினோடு வாங்கினால் அந்தத் தலைவலி உங்களுடையது. சேஸ் நம்பர் பொருந்தாவிட்டால் பேச்சே கிடையாது.

சிலர் "ரெண்டு நாள்ல புக் ரெடி பண்ணித் தரேன்" என்பார்கள். எங்கோ காயலாங்கடையில் உடைத்துப் போட்ட வண்டியின் புத்தகத்தை வாங்கி, அதன் நம்பரை இந்தச் சேஸில் அடித்துக் கொடுப்பதுதான் அந்த வேலை. தயவுசெய்து அதற்குப் போகாதீர்கள். இன்ஜின், சேஸ் நம்பர் பதிவிலிருந்து மாறுபட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 55வது பிரிவின்படி பதிவையே ரத்து செய்வார்கள். திருட்டு வண்டியாக இருந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த சட்டம்) 317வது பிரிவில் குற்றம். புக் இல்லை, விலை பாதி, நம்பர் கிரைண்ட் பண்ணியிருக்கிறது என்றால் "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்புவது கஷ்டம். யமஹா ஆர்.எக்ஸ். 100 வாங்குகிறவர்கள் இதில் கூடுதலாகவே கவனமாக இருங்கள், அதற்கு இருக்கும் கிராக்கி அப்படி. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 'வாஹன் சமன்வய்' சேவையில் திருட்டுப் பட்டியலைப் பார்க்கலாம். கணினிக்கு வராத பழைய வழக்குகள் அதில் இருக்காது. அதனால் அந்த வண்டி பதிவான ஊர்க் காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நம்பர் பொருந்தியது, பெயரும் தெரிந்தது. அப்புறம் ஆளைத் தேட வேண்டும். பெயர் மாற்றாமலே நாலு கை மாறிய வண்டிதான் நமக்குப் பெரும்பாலும் கிடைக்கும். விற்கிறவரிடம் 'ஓப்பன்' கையெழுத்துப் போட்ட, அதாவது வாங்குபவர் பெயர் நிரப்பாமல் கையெழுத்து மட்டும் உள்ள பழைய படிவங்கள் இருந்தால் அவற்றை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். நகல் ஆர்.சி.க்கான படிவம் 26ல் விண்ணப்பிக்க வேண்டியவர் பதிவு உரிமையாளர். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30ல் விற்பவராகக் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவரே. புத்தகம் தொலைந்ததற்குக் காவல் துறையில் அவர் பெயரில் புகார் கொடுத்து, கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்றும் வாங்க வேண்டும்.

"எப்பவோ வித்த வண்டிக்கு நான் எதுக்கு அலையணும்?" என்று அந்தப் பெரியவர் கேட்பார். நியாயமான கேள்வி. அவருக்கு உண்மையைச் சொல்லுங்கள்: வண்டி இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது ஐயா, நாளைக்கு அது யார் மேலாவது மோதினால் நஷ்ட ஈட்டு நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். 2018ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதுதான்: பதிவில் பெயர் உள்ளவரே உரிமையாளர், பொறுப்பும் அவருக்கே. நான் பார்த்தவரை இதைக் கேட்ட பிறகு மறுத்தவர்கள் குறைவு. அவரை நீங்களே வண்டியில் கூட்டிப் போய், நீங்களே கூட்டி வந்து விடுங்கள். வரிசையில் நிற்க விடாதீர்கள்.

அவர் காலமாகியிருந்தால் வாரிசுகள் வழியாகத்தான் போக வேண்டும். இறப்புச் சான்றிதழ், தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம், அதோடு படிவம் 31. முதலில் ஒரு வாரிசு பெயருக்கு மாறி, அங்கிருந்து உங்களுக்கு வரும். மூன்று பிள்ளைகளில் ஒருவர் வெளிநாட்டில், ஒருவர் பேச்சுவார்த்தையில் இல்லை என்றால் பொறுமை இருந்தால் மட்டும் இறங்குங்கள். பழைய ஃபைனான்ஸ் கடன் பதிவில் நின்றால் அதை நீக்கப் படிவம் 35, வெளிமாநில வண்டியானால் படிவம் 28 என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லாச் சான்று). இவற்றையும் விற்கிறவர் தரப்பிலிருந்தே கேட்டு வாங்குங்கள்.

ராணுவ ஏலத்தில் வந்த புல்லட் என்று சொன்னால் படிவம் 21ல் ராணுவம் கொடுத்த அசல் விற்பனைச் சான்று எங்கே என்று கேளுங்கள். அது இல்லாமல் 'ஆர்மி வண்டி' என்பது வெறும் பச்சைப் பெயின்ட்.

இன்னொரு தவறான நம்பிக்கை, 2021ல் வந்த விண்டேஜ் விதி. 50 ஆண்டு கடந்த, அசல் நிலையில் உள்ள வண்டிக்கு 'வி.ஏ.' நம்பர் கொடுப்பார்கள். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். புக் இல்லாத வண்டிக்கு இது குறுக்கு வழி என்று புரோக்கர்கள் சொல்வதை நம்ப வேண்டாம். இந்தியாவில் ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய ஆர்.சி.யைக் கேட்கிறார்கள். போதாக்குறைக்கு, அந்த நம்பரில் கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்கு ஓட்டலாமே தவிர, தினமும் ஆபீஸுக்குப் போக முடியாது.

பணம் விஷயத்தில் என் வழி இது: சிறு தொகை முன்பணம், முத்திரைத்தாளில் ஒப்பந்தம். அதில் சேஸ் நம்பர், இன்ஜின் நம்பர், எந்தத் தேதிக்குள் நகல் ஆர்.சி. வர வேண்டும், வராவிட்டால் முன்பணம் திரும்ப வேண்டும் என்பது வரை எழுதுங்கள். மீதி, பெயர் மாறிய பிறகு. இதற்கு ஒத்துக்கொள்ளாதவருக்கு அந்தக் காகிதம் வராது என்று முன்பே தெரிந்திருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். பேரேட்டிலும் பெயர் இல்லை, நம்பர் மட்டும் சுத்தமாக இருக்கிறது என்றால் ரோட்டில் ஓட்டும் வண்டியாக நினைத்து விலை பேசாதீர்கள்.

பெயர் மாறும் வரை வண்டியை ஓட்டிக்கொண்டு வரவும் வேண்டாம். டாடா ஏஸில் ஏற்றி வாருங்கள். 15 ஆண்டு கடந்த பதிவைப் படிவம் 25ல் ஐந்து ஆண்டுக்குப் புதுப்பிக்க வேண்டும். ஆய்வாளர் வண்டியையும் நம்பரையும் நேரில் பார்ப்பார். அதனால் ஆசையில் உடனே பிரித்துப் போட்டுவிடாதீர்கள். விளக்கு, ஹாரன், பிரேக் மட்டும் சரி செய்து, உருளும் நிலையில் வையுங்கள். ஆய்வு முடிந்து சேஸை சாண்ட் பிளாஸ்டிங்குக்குக் கொடுக்கும்போதும், பவுடர் கோட்டிங் போடும்போதும் நம்பர் இருக்கும் இடத்தில் டேப் ஒட்டிவிட்டார்களா என்று பட்டறையில் நின்று பாருங்கள். மணல் அடித்தால் பஞ்ச் தேயும், கோட்டிங் தடிமனாக விழுந்தால் மூடிவிடும். ஐந்து வருடம் கழித்து அடுத்த புதுப்பிப்புக்கு அதே எழுத்துதான் தெரிய வேண்டும்.