ஊர்ப் பதிவேடு அழிந்துபோன பின் முன்னோரைத் தேடுவது எப்படி?

"பழைய ஏடெல்லாம் தீயில் போயிடுச்சு" என்ற பதிலைக் கேட்டதும் பலர் தேடலை மூட்டை கட்டிவிடுகிறார்கள். போனது எந்த ஏடு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று திருப்பிக் கேளுங்கள். 1922 ஜூன் 30 அன்று டப்ளினில் அயர்லாந்தின் பொது ஆவணக் காப்பகம் எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புத் தாள்களில் பெரும்பகுதி அதோடு போயிற்று. ஆனால் 1864 முதலான பிறப்பு, இறப்புப் பதிவுகள் அங்கே இல்லாததால் தப்பின. உங்கள் ஊருக்கும் போனது, மிஞ்சியது என்று ஆண்டுவாரியாக எழுதிக்கொள்ளுங்கள். எல்லை மாறிய ஊரென்றால் ஏடு பக்கத்து மாவட்டத்தில் பத்திரமாக இருக்கலாம்.

அடுத்து, மேலிடத்துக்குப் போன நகலைத் தேடுங்கள். இங்கிலாந்துத் தேவாலயங்கள் 1598 முதல் தங்கள் பதிவேட்டின் நகலை ஆண்டுதோறும் ஆயருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. மூல ஏடு அழிந்த ஊர்களில் அந்த நகல்தான் கைகொடுக்கிறது. நகலெடுத்தவர் ஒரு வரியைத் தாண்டியிருக்கலாம், வயதை மாற்றி எழுதியிருக்கலாம். அதனால் பெயர் இல்லை என்பதை வைத்து ஆளே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

அதைவிட வளமான இடம், பின்னாளில் வேறு காரணத்துக்காக எழுதப்பட்ட தாள்கள். 1909-இல் முதியோர் ஓய்வூதியம் வந்தபோது, 70 வயதைக் காட்ட அயர்லாந்து முதியவர்களிடம் பிறப்புச் சான்று இல்லை. அதிகாரிகள் 1841, 1851 கணக்கெடுப்பில் தேடி, அந்தக் குடும்பத்தின் விவரத்தைப் படிவத்தில் குறித்தார்கள். கணக்கெடுப்பு எரிந்தது, படிவங்கள் பல மிஞ்சின. பெற்றோர் பெயரும் பழைய ஊரும் அதில் கிடைக்கும். ஓய்வூதியம் கைக்கு வரும் சமயத்தில் பலருடைய வயது திடீரென ஏறியது என்பதையும் மறக்க வேண்டாம்: 1901, 1911 கணக்கெடுப்புகளுக்கு இடையே வயது பத்துக்கு மேல் கூடியவர்கள் ஏராளம். ஆகவே பிறந்த ஆண்டை ஒற்றை எண்ணாக எழுதாமல், ஐந்தாறு ஆண்டு இடைவெளியாக வையுங்கள். இறப்புச் சான்று, உயில், படைத்துறைக் கோப்பு ஆகியவற்றையும் இதே கண்ணோடு பாருங்கள்.

நேர்வழி அடைபட்டால் பக்கவாட்டில் போங்கள். நிலப் பத்திரத்தில் நான்கெல்லையில் வரும் பெயர்கள், கீழே சாட்சிக் கையெழுத்து போட்டவர்கள் எல்லோரையும் குறித்துவையுங்கள். அடிக்கடி சாட்சி நிற்பவர் மச்சானாகவோ மருமகனாகவோ இருப்பது சகஜம். அவர் வீட்டுத் தாள்களில் உங்கள் கிளை தென்படலாம். ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் ஆண்டுவாரி அட்டவணை போடுங்கள். ஒருவருக்கு இறப்புப் பதிவு விழுந்த பிறகும் அதே பெயரில் வரி கட்டப்பட்டிருந்தால் இருவரையும் பிரித்துவிடலாம். தகப்பன் பெயர், தொழில், மனைவி பெயர் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு பொருந்தும் வரை பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி இருக்கட்டும்.

இணையத்திலுள்ள குடும்ப மரங்களைத் துப்பாக மட்டும் எடுங்கள். பத்து மரங்கள் ஒரே தேதியைச் சொன்னாலும், பத்தும் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவையாக இருந்தால் உங்களிடம் இருப்பது ஒரே ஒரு சாட்சிதான், அதுவும் யாரென்று தெரியாத சாட்சி.