பதவி உயர்வு தாமதமானால் இழப்பீடு கேட்பது எப்படி? டெல்லி மத்திய அரசு ஊழியர்களுக்கு

"ஃபைல் மேலே போயிருக்கிறது, பொறுங்கள்" என்ற பதிலை நம்பிக் காத்திருந்தே உரிமையை இழந்தவர்கள் ஆர்.கே.புரத்திலும் கரோல் பாகிலும் நம்மவர்களில் நிறையப் பேர். அது இனியாவது நிற்க வேண்டும்.

முதலில், குறை எத்தகையது என்று பாருங்கள். காலியிடம் இருந்தும் பதவி உயர்வுக்கான தேர்வுக் குழு கூடவில்லை என்பது மட்டுமே குறையென்றால் வழக்கு பலவீனமானது. பதவி உயர்வு பொதுவாக ஆணை நாளிலிருந்துதான் செல்லும், காலியிடம் ஏற்பட்ட நாளிலிருந்து அல்ல. பணிமூப்பில் உங்களுக்கு இளையவர் உயர்ந்து நீங்கள் விடுபட்டிருந்தால் கை ஓங்கும். ஒழுங்கு நடவடிக்கைக்காக முடிவை மூடிய உறையில் வைத்து, பிறகு உங்களை முழுமையாக விடுவித்திருந்தாலும் அப்படியே. உச்ச நீதிமன்றத்தின் 1991-ஆம் ஆண்டு ஜானகிராமன் தீர்ப்பு துணை நிற்கும்.

அடுத்து, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனுப் போடுங்கள். "எனக்கு ஏன் தரவில்லை" என்று கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். ஆவணமாகக் கேளுங்கள்: குழுவின் கூட்டக் குறிப்பு, பணிமூப்புப் பட்டியல், இளையவரின் பதவி உயர்வு ஆணை. பதிலுக்குக் கெடு 30 நாள்.

பிறகு துறைக்கு ஒரே பக்கத்தில் கோரிக்கை மனு: "பணிமூப்பில் எனக்குக் கீழுள்ளவர் இன்ன தேதியில் உயர்த்தப்பட்டார். அதே தேதியிலிருந்து எனக்கும் பதவி உயர்வும் சம்பள நிலுவையும் வழங்கக் கோருகிறேன்." ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வழக்குத் தொடர்வதற்கான கெடு. துறைக்குக் கொடுத்த மனு நிராகரிக்கப்பட்டால் அந்த நாளிலிருந்து ஓராண்டு. பதிலே வராவிட்டால் ஆறு மாதம் பொறுத்து, அதன்பின் ஓராண்டு. 2025 ஜனவரி 10-இல் கொடுத்த மனுவுக்குப் பதில் இல்லையென்றால், 2026 ஜூலை 10-க்குள் வழக்குத் தொடர வேண்டும். நினைவூட்டல் கடிதங்கள் எத்தனை எழுதினாலும் கெடு நீளாது. உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 1989-லேயே அதைச் சொல்லிவிட்டது.

வழக்குத் தொடுக்கும் இடம் கோபர்நிகஸ் மார்க்கில் உள்ள மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் முதன்மை அமர்வு. கட்டணம் 50 ரூபாய். வழக்கறிஞர் இன்றி நீங்களே வாதாடலாம். பொதுத்துறை வங்கி ஊழியர்கள் இங்கே வர முடியாது. உயர் நீதிமன்றம் போக வேண்டும்.

தீர்ப்பாயத்தில் தரும் மனுவின் 'நிவாரணம்' என்ற பகுதியில் கவனம் தேவை. "பதவி உயர்வு வேண்டும்" என்று மட்டும் எழுதினால், நோஷனல் உயர்வு, அதாவது தேதி மட்டும் முன்னே போகும், நிலுவைப் பணம் வராது என்ற நிலை எளிதில் நேரும். "இடைப்பட்ட காலச் சம்பள வித்தியாசத்துடன்" என்று தனியாகக் கேளுங்கள். வேலை செய்யாத காலத்துக்குச் சம்பளம் இல்லை என்று துறை வாதிடும். வேலை செய்யத் தயாராக இருந்தும் தவறின்றி ஒதுக்கப்பட்டீர்கள் என்பதே அதற்கு மறுமொழி. ஜானகிராமன் தீர்ப்பின் சாரமும் அதுதான்.

உங்கள் பணிமூப்பு மேலே போவதால் கீழே இறங்கக்கூடியவர்களையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்துவிடுங்கள். அவர்களைக் கேட்காமல் தீர்ப்பு கூறுவது நியாயமில்லை என்று, நல்ல வழக்குகூட அந்த ஒரு விடுபடலால் தள்ளுபடியாகலாம்.