மலையில் ஓடிய பழைய காரை வாங்குவதும் விற்பதும்: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

நீலகிரியில் பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது மீட்டரைத்தான். "பத்து வருட வண்டி, நாற்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது" என்று விற்பவர் சொன்னதுமே பாதி மனம் முடிவு செய்துவிடுகிறது. ஆனால் மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையிலுள்ள 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கிய நாற்பதாயிரமும், சமவெளியில் ஐந்தாம் கியரில் ஓடிய நாற்பதாயிரமும் ஒன்றல்ல. மலையில் எஞ்சினுக்கு முன்பே கிளட்ச், பிரேக், சஸ்பென்ஷன் புஷ்கள் (இணைப்புகளில் உள்ள ரப்பர் உருளைகள்), டயர் ஆகியவை தேய்ந்துவிடுகின்றன. அந்தத் தேய்மானம் எதையும் மீட்டர் காட்டாது.

இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். என் முதல் காரைக் கோயம்புத்தூரில் ஒரு தனியாரிடம் வாங்கினேன். சமதளச் சாலையில் அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தபோது எந்தக் குறையும் தெரியவில்லை. அன்று மாலையே வீட்டாரை ஏற்றிக்கொண்டு மலையேறியபோது, பர்லியாறு தாண்டிய சில வளைவுகளில் எஞ்சின் மட்டும் உறுமியதே தவிர வண்டி முன்னேறவில்லை. கருகல் வாசனை உள்ளே வந்தது. கிளட்ச் பிளேட் முழுவதும் தேய்ந்திருந்தது. அதை மாற்றிக் கொடுத்த குன்னூர் மெக்கானிக், "வண்டியை வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை மேல கொண்டு வந்திருக்கலாமே தம்பி" என்றார். இந்த விளக்கத்தில் மலைச்சாலைச் சோதனைக்கு அதிக இடம் கொடுத்திருப்பதற்கு அந்த மாலைதான் காரணம்.

முதல் படி: போவதற்கு முன் ஆவணம்

வண்டியை நேரில் பார்ப்பதற்கு முன்பே அதன் பதிவெண்ணைக் கேட்டு வாங்குங்கள். மத்திய அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகன் இணையதளத்திலோ எம்-பரிவாகன் செயலியிலோ அந்த எண்ணைக் கொடுத்தால், பதிவான தேதி, எரிபொருள் வகை, இன்சூரன்ஸ் எதுவரை செல்லும், கடன் நிலுவை பதிவாகியிருக்கிறதா என்பவை தெரியவரும். செலுத்தாத அபராதங்களை இ-சலான் பக்கத்தில் தனியாகப் பார்க்க வேண்டும். எண்ணைத் தரத் தயங்குகிறவரின் வண்டியைப் பார்க்கப் போவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இருந்தால், கடன் முடிந்துவிட்டது என்ற வாய்ச்சொல் போதாது. வங்கி தரும் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் கொண்டு அந்தப் பதிவை நீக்கிய பிறகே பணத்தைப் பற்றிப் பேச வேண்டும். இந்த மாவட்டத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, சுற்றுலா டாக்ஸியாக ஓடிய பிறகு மஞ்சள் போர்டிலிருந்து வெள்ளை போர்டுக்கு மாற்றப்பட்ட வண்டி. அப்படிப்பட்ட வண்டியை வாங்கவே கூடாது என்று சொல்லமாட்டேன். ஆனால் அது தெரிந்தே வாங்கப்பட வேண்டும், விலையும் அதற்கேற்பக் குறைய வேண்டும்.

கூடலூர், பந்தலூர்ப் பக்கம் கேரள, கர்நாடகப் பதிவு வண்டிகள் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அந்த விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டியவை சில உண்டு: பழைய பதிவு அலுவலகத்திலிருந்து படிவம் 28-இல் தடையில்லாச் சான்று பெற வேண்டும், தமிழ்நாட்டில் வண்டியின் வயதுக்கேற்ற வரி கட்ட வேண்டும், 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருப்பதானால் தமிழ்நாட்டுப் பதிவெண் வாங்கியாக வேண்டும். இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால் "மலிவு" பல நேரம் மறைந்துவிடும். பதிவாகி 15 ஆண்டுகளை நெருங்கும் கார் என்றால், பதிவைப் புதுப்பிக்கும் செலவையும் பசுமை வரியையும் மறக்கக் கூடாது.

இரண்டாம் படி: காலையில், குளிர்ந்த எஞ்சினோடு

ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காலை ஏழு மணிக் குளிரில் ஒரே முயற்சியில் கிளம்பும் வண்டியின் பேட்டரியும், டீசல் வண்டியானால் குளிரில் எஞ்சினைச் சூடாக்கிக் கிளம்ப உதவும் குளோ பிளக்குகளும் நல்ல நிலையில் இருப்பதாகக் கொள்ளலாம். ஆகவே முன்கூட்டியே வண்டியைக் கிளப்பி வைக்க வேண்டாமென்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்வது நல்லது.

குளிர்ந்த காலையில் சைலன்சரிலிருந்து வெள்ளையாக நீராவி வருவது இயல்பே. புதியவர்கள் அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் வெண்புகை நிற்காமல் வந்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால், ஹெட் கேஸ்கெட்டை (எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகட்டை) சந்தேகிக்க வேண்டும். நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது என்று பொருள். ஆயில் மூடியின் அடியில் பால் போன்ற படிவு கண்டால் ஆயில் அளவுகோலையும் உருவிப் பாருங்கள். மூடியில் மட்டும் மெல்லிய படிவு இருந்தால், குளிரில் குறுகிய தூரமே ஓட்டியதால் சேர்ந்த ஈரமாக இருக்கலாம். அளவுகோலிலும் அதே நிறம் இருந்தால் தண்ணீர் ஆயிலில் கலந்திருக்கிறது.

மூன்றாம் படி: ஈரமும் துருவும்

தேவாலா, கூடலூர்ப் பகுதிகளில் தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூரிலும் கோத்தகிரியிலும் வடகிழக்குப் பருவமழையோடு மூடுபனியும் சேரும். ஷெட் இல்லாமல் நின்ற வண்டியில் ஈரம் எங்கே தங்கும் என்று தெரிந்து பார்க்க வேண்டும். தரை விரிப்பைத் தூக்கி, அடியில் இருக்கும் பஞ்சை விரலால் அழுத்துங்கள். ஸ்டெப்னியை வெளியே எடுத்து, அது இருந்த குழியைப் பாருங்கள். கதவுகளின் கீழ்விளிம்பில் இருக்கும் ரப்பரை விலக்கிப் பார்த்தால் துரு இருப்பது தெரிந்துவிடும். உள்ளே வாசனைத் திரவியம் தூக்கலாக வீசினால், கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பத்து நிமிடம் கழித்து மறுபடி கதவைத் திறந்து முகர்ந்து பாருங்கள்.

டிங்கரிங் வேலை நடந்திருக்கிறதா என்பதை வெயிலில், பக்கவாட்டிலிருந்து பெயின்ட்டைப் பார்த்து ஊகிக்கலாம். கண்ணாடிகளில் பொறித்திருக்கும் தயாரிப்புக் குறிகளை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் வேறாக இருந்தால் அது மாற்றப்பட்ட கண்ணாடி. சேஸிஸ் எண்ணை ஆர்.சி.யோடு எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். அந்த எண்ணின் மேல் ஒரு தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துக்கொண்டால், பின்னர் பெயர் மாற்ற விண்ணப்பத்துக்கும் உதவும்.

"ஊட்டியில் எதற்கு ஏ.சி." என்று சொல்லி, வேலை செய்யாத ஏ.சி.யோடு வண்டியை விற்கிறவர்கள் உண்டு. மூடுபனியில் முன்கண்ணாடியின் உட்புறம் வியர்க்கும்போது அதை விரைவில் தெளிவாக்குவது ஏ.சி.தான். ஆகவே அதையும் ஹீட்டரையும் போட்டுப் பார்த்தே தீர வேண்டும்.

நான்காம் படி: ஏற்றமும் இறக்கமும்

சோதனை ஓட்டத்துக்கு ஏற்றமும் இறக்கமும் கலந்த பாதையைத் தேர்ந்தெடுங்கள். குன்னூரில் இருப்பவர்கள் மேட்டுப்பாளையம் சாலையில் காட்டேரி வரை இறங்கித் திரும்பி ஏறலாம். ஊட்டியில் இருப்பவர்கள் தொட்டபெட்டா சந்திப்பு வரை போய் வரலாம். 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிச் சாலையில், பிரேக் எப்படியிருக்கிறது என்று தெரியாத வண்டியைச் சோதிக்கவே கூடாது.

கிளட்ச்சைச் சோதிக்க, ஏற்றத்தில் மூன்றாம் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை நன்றாக மிதியுங்கள். எஞ்சின் சத்தம் உடனே எகிறி, வேகம் கூடாமல் இருந்தால் கிளட்ச் நழுவுகிறது. பெடலை ஏறத்தாழ முழுவதும் விட்ட பிறகே வண்டி நகர்கிறது என்றால் அதன் ஆயுள் முடியப் போகிறது. மே மாத மலர்க் கண்காட்சி நெரிசலில் அரைக் கிளட்ச்சிலேயே ஊர்ந்து பழகிய வண்டிகளில் இதை அடிக்கடி காணலாம். அதே சமயம், டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஊட்டி உயரத்தில் காற்று அடர்த்தி குறைவதால் சமவெளியில் தரும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழக்கிறது. அந்த மந்தத்தைக் கோளாறு என்று எண்ணிவிடாதீர்கள். எஞ்சின் சத்தமும் வேகமும் சேர்ந்தே குறைந்தால் அது உயரத்தின் விளைவு. சத்தம் மட்டும் ஏறினால் கிளட்ச்.

இறக்கத்தில் இரண்டாம் கியரில் போட்டு, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். எஞ்சினே வண்டியின் வேகத்தைப் பிடித்து வைக்க வேண்டும். அப்போது கியர் தானாக நியூட்ரலுக்குக் குதித்தால் கியர்பாக்ஸுக்குள் தேய்மானம் இருக்கிறது. எவ்வளவு விலை குறைத்தாலும் அந்த வண்டி மலைக்கு ஆகாது. பிறகு பின்னால் வண்டி வராத இடத்தில் பலமுறை பிரேக் பிடியுங்கள். ஸ்டீயரிங் நடுங்கினால் டிஸ்க் கோணியிருக்கலாம். பெடல் போகப்போக மென்மையாகிக் கீழே இறங்கினால் பிரேக் ஆயில் சூட்டில் கொதிக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேரச் சேர அதன் கொதிநிலை குறையும். பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய அந்த ஆயில், கறுத்துப்போய்க் கிடந்தால் கவனிப்பில்லாத வண்டி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஆறிய பிறகு சக்கரத்தின் இடைவெளி வழியாக டிஸ்க்கின் ஓரத்தை விரல் நுனியால் தடவுங்கள். எழும்பிய விளிம்பு தட்டுப்பட்டால் டிஸ்க் தேய்ந்திருக்கிறது. நீலம் பாய்ந்த நிறம் அது அளவுக்கு மீறிச் சூடானதைக் காட்டும்.

சரிவில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, நியூட்ரலில் கால் பிரேக்கை மெல்ல விடுங்கள். வண்டி அசையாமல் நிற்க வேண்டும். டயரின் பக்கச்சுவரில் ஒரு நான்கிலக்க எண் இருக்கும்: 3219 என்றால் 2019-ஆம் ஆண்டின் 32-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயரோடு மழையில் மலையிறங்குவது ஆபத்து.

ஐந்தாம் படி: விலையும் பெயர் மாற்றமும்

கண்டுபிடித்த குறைகளுக்கு உங்கள் மெக்கானிக்கிடம் தொகை கேட்டு, அதே மாடல், அதே ஆண்டு, அதே எண்ணிக்கை ஓனர் கொண்ட வண்டிகளின் விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள். நீலகிரிப் பதிவான டி.என்.43 வண்டிகளுக்கு, இந்த மாவட்டத்துக்குள் வர வெளியூர் வண்டிகள் எடுக்க வேண்டிய இ-பாஸ் தேவையில்லை என 2024 மே மாதத்தில் அறிவிக்கப்பட்டதால், உள்ளூர்ப் பதிவெண்ணுக்குச் சற்றுக் கூடுதல் மதிப்பு இருப்பது நியாயமே.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 50-ஆம் பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்பவர் 14 நாட்களுக்குள் விற்பனையைத் தெரிவிக்க வேண்டும். வாங்குபவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். படிவம் 29, 30 இரண்டும் இதற்கானவை. இன்சூரன்ஸை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றாவிட்டால், உங்கள் வண்டியின் சேதத்துக்கு இழப்பீடு கேட்கும்போது சிக்கல் வரும்.

விற்பவர் செய்ய வேண்டியது

வண்டியைக் கழுவி மெருகேற்றுவதைவிட, சர்வீஸ் பில்களை ஆண்டு வரிசையில் அடுக்கி வைப்பதே விலையைக் கூட்டும். கிளட்ச்சும் பிரேக் பேடும் எப்போது மாற்றப்பட்டன என்று பில்லோடு காட்டினால், மலையில் வண்டி ஓட்டத் தெரிந்தவர் மதிப்பைப் புரிந்துகொள்வார். தெரிந்த குறையை முன்பே சொல்லிவிடுங்கள். அடுத்து மலை இறக்கத்தில் குடும்பத்தோடு போகப்போகிறவர் வாங்குபவர்தான்.

கையெழுத்திட்ட வெற்றுப் படிவங்களைப் புரோக்கரிடம் கொடுத்துவிட்டு வருவதுதான் நம் ஊரில் நடக்கும் பெரிய தவறு. 2018-இல் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பில், கார் அடுத்தடுத்துப் பலரிடம் கைமாறியிருந்தும், பதிவில் பெயர் இருந்தவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாளி என்று கூறப்பட்டது. வியாபாரியிடம் விற்பதானால், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி அங்கீகாரம் பெற்றவரா என்று பாருங்கள். அவரிடம் ஒப்படைத்ததைப் பரிவாகனில் பதிவு செய்த பிறகு வண்டிக்கு அவரே உரிமையாளராகக் கருதப்படுவார்.

தனியாரிடம் விற்றால், ஒப்படைத்த தேதி, மணி, மீட்டர் எண் மூன்றையும் எழுதி இருவரும் கையெழுத்திட்ட டெலிவரி நோட்டை வைத்துக்கொள்ளுங்கள். ஃபாஸ்டேக்கை முடக்கிவிடுங்கள். நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காக இன்சூரன்ஸ் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) காரோடு போவதில்லை, உங்களோடு இருப்பது. இன்சூரன்ஸ் நிறுவனத்தில் அதற்கான சான்றைக் கேட்டு வாங்கினால் 3 ஆண்டுகளுக்குள் அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம். சில வாரங்கள் கழித்துப் பரிவாகனில் பழைய எண்ணைப் போட்டுப் பாருங்கள். அங்கே இன்னும் உங்கள் பெயரே இருந்தால், டெலிவரி நோட்டின் நகலோடு நேரில் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய், விற்பனையைத் தெரிவித்து ரசீது வாங்கி வாருங்கள்.