ஊட்டிக் குளிரில் வெண்ணெய் பிஸ்கட்

ஊட்டியில் வீட்டு பிஸ்கட்டுக்கு முதல் எதிரி குளிர்தான். வெளியே எடுத்து வைத்தாலும் வெண்ணெய் கல்லாகவே கிடக்கும். அவசரப்பட்டு உருக்காதீர்கள், பிஸ்கட் தட்டில் தோசை மாதிரி பரவிவிடும். சில்வர் டம்ளரில் வெந்நீர் ஊற்றி, இரண்டு நிமிடத்தில் கொட்டிவிட்டு, துண்டு போட்ட வெண்ணெய் மேல் கவிழ்த்து வையுங்கள். விரல் பதிந்தால் போதும்.

100 கிராம் வெண்ணெயில் 50 கிராம் பொடித்த சர்க்கரையைக் குழைத்து, 150 கிராம் மைதா, கொஞ்சம் ஏலக்காய்ப்பொடி சேர்த்துத் திரட்டுங்கள். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் குறைவு. பேக்கிங் பவுடர் அதிகமானால் பொங்கி அமுங்கும். நான் போடுவதே இல்லை. 170 டிகிரியில் 15 நிமிடம். எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால் மொறுமொறுப்பு. அப்புறம் உடனே டப்பாவில் அடைத்துவிடுங்கள், பனிமூட்டம் இறங்கினால் நமுத்துப்போகும்.